வலம்புரித் தங்கம்

கதவு திறக்கவில்லை. சவரிமுத்து மணிக்கட்டை மறுபடியும் கண்ணாடியில் அழுத்தினார். முறுக்கொளி தோலுக்குள் பாய்ந்து, இரத்தத்தில் மிதக்கும் தங்கத்துகள்களைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிவப்பாக மின்னியது. ‘கைதி வெளியேற அனுமதி இல்லை.’

“எவன்டா கைதி?”

ஆறு நிமிடத்தில் கொதியாவி வந்துவிடும். தொட்டியறையைத் தினமும் அப்படித்தான் கழுவுகிறார்கள்.

ஒலிப்பெட்டியில் கத்தினார். மேற்பார்வையாளர் ரெஜினா ஓடிவந்து, வெளிச்சுவரில் இருந்த ஆவி நிறுத்தியில் தன் மணிக்கட்டை வைத்தாள். அதுவும் சிவப்பு. அவளும் கைதியாம்.

“அண்ணாச்சி, காலையில எல்லாருக்கும் போட்ட மாச ஊசி நீங்க நேத்து வளர்த்த தங்கம்தானே? எந்த விதைப் பொட்டலத்தைப் போட்டீங்க?”

“பொட்டலத்தை எவன் நம்புவான்? முந்தாநாள் தொட்டியில ஒரு கரண்டி எடுத்து வச்சிருந்தேன். அதைத்தான் ஊத்துனேன். தயிருக்கு உறை ஊத்துறதில்லையா?”

“முந்தாநாள் ஜெயில் ஆர்டர், அண்ணாச்சி.”

தங்கத்துக்குச் சொந்தமாக இடமும் கிடையாது, வலமும் கிடையாது. துகள் வளரும்போது அதைப் பற்றிக்கொள்ளும் அமினோ அமிலம்தான் சங்கைப் போலத் திருகிவிடும். ஓர் அமிலம் பற்றினால் இடம்புரி. அதன் கண்ணாடிப் பிம்பம் பற்றினால் வலம்புரி. திருகிய துகளை விதையாகப் போட்டால் வளர்வதும் அதே பக்கம் திருகும். தொழிலாளிக்கு இடம்புரி, கைதிக்கு வலம்புரி. பார்வைக்கு இரண்டும் ஒரே திராட்சைச் சிவப்பு; எந்தப் பக்கம் திருகியது என்று கதவின் முறுக்கொளிக்கு மட்டும்தான் தெரியும். பழைய தங்கத்தைக் கரைத்த பிறகுதான் புது ஊசி போடுவார்கள். ஆக, ஆலையில் இன்று இடம்புரி ஆள் ஒருவர்கூட இல்லை.

“உங்க அட்டை!” என்றாள் ரெஜினா. “மூணு வருஷமா ஊசி வேண்டாம்னு அட்டையோட திரிஞ்சீங்களே, அது எங்க?”

ஊசிக்குள் எதைக் கலக்கிறார்களோ என்று கையை நீட்டாத ஒரே ஆள் அவர்தான். தானே வளர்த்த தங்கம் என்பதால் இன்றுதான் முதல் முறையாக நீட்டினார்.

“உன் மேசைக்குக் கீழ, குப்பைக்கூடையில.”

“இருங்க, எடுத்துட்டு வாரேன்.”

“போகாத பிள்ள.” சவரிமுத்து கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தார். “எவனாவது எடுத்து என் பேர்ல கதவைத் திறந்துருவான்னு, நாலா வெட்டித்தான் போட்டேன்.”

அவர் முதுகுக்குப் பின்னால் குழாய்கள் முனகத் தொடங்கின.