பாஸ்வேர்டுக்கு முன்னால் பேசும் குரல்

“வண்டு கத்துறா மாதிரி கீது. இதுல இன்னாம்மா புரியும் உனக்கு?”

“ஒண்ணும் புரியல அண்ணே. அதான் இவரைக் கூப்பிட்டேன்.”

“நேத்துதானே ஸ்பீடைக் குறைச்சேன்?” என்றது மூன்றாவது குரல். “உள்ள போனப்புறம் சரியா பேசறதில்ல?”

“உள்ள போனாத்தானே.”

ஜுவேரியா வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள் காலை அது. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில், பாத்திரக் கடைக்கு மேலே ஒரு மாடி. ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் அலுவலகம். அவளுக்குப் பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடர்தான் இனி அவளுக்குக் கண். ஆனால் இந்தக் கம்ப்யூட்டர் விழித்தவுடன், பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில், அந்தக் குரல் வெறும் ரீங்காரமாக வந்தது. எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்று தெரியாமல் தட்டினாள். மூன்று முறை தப்பானால் அரை மணி நேரம் பூட்டிக்கொள்ளும். நான்கு நாளில் மூன்று நாள் தாமதம்.

“ஒரு மாசம் பார்ப்போம்” என்று மேலாளர் ஜெயஸ்ரீ சொல்லியிருந்தார். இரண்டு இடங்களில் ஏற்கெனவே அப்படிப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். இதுவும் போனால் சிந்தாதிரிப்பேட்டை வீட்டின் பின்னறையில் முடங்க வேண்டியதுதான்.

“ரெண்டு செட்டிங் இருக்கு,” என்றான் கம்ப்யூட்டர் பார்க்க வந்த அச்யுத். “உள்ள போனப்புறம் பேசறது உங்க செட்டிங். அதுக்கு முன்னால, பாஸ்வேர்டு வாசல்ல பேசறது மெஷினோடது. உங்களோடத அங்க காப்பி பண்ண தனியா ஒரு பட்டன் இருக்கு. அமுக்கிட்டேன். நாளைலேருந்து மெதுவாப் பேசும்.”

“உனக்கு முன்னாடி இங்க குந்தினு இருந்த ஹம்சாம்மா இந்த சத்தத்தைக் கேட்டுக்கினே பஜ்ஜி துன்னும்,” என்றார் கதிரேசன். அலுவலகத்தைத் திறப்பது, பூட்டுவது, டீ வாங்குவது எல்லாம் அவர்தான். “பொறவியிலேயே பார்வை இல்ல. காது அப்டி.”

“இது அவங்க மெஷினா?”

“ஆமாம்மா. போன மாசம் தவறிட்டாங்க. ஆஸ்பத்திரில.” கடைசிச் சொல்லை அவர் வேறு பக்கம் திரும்பிச் சொன்னார்.

மறுநாள் காலையும் வண்டுதான். அச்யுத் இன்னும் இரண்டு முறை வந்தான். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டான். ஒவ்வொரு முறையும் அவன் முன்னால் மெதுவாகப் பேசிய குரல், இரவு கழிந்ததும் பழையபடி பறந்தது.

குரல் இறங்கி வராவிட்டால் தான் ஏறிப் போவது என்று ஜுவேரியா முடிவு செய்தாள். பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினாள். முதலில் மழை மாதிரி இருந்தது. பிறகு மழைக்குள் துளிகள் தெரிந்தன. பிறகு சொற்கள்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, கதிரேசன் மெயின் ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் முனகிச் சுழன்றது. கம்ப்யூட்டர் தானாக விழித்தது. ரீங்காரம்.

‘கடவுச்சொல் பெட்டி. காலியாக உள்ளது.’

புரிந்தது. சிரித்துக்கொண்டே விசைகளில் கை வைத்தாள்.

குரல் நிற்கவில்லை.

‘கதிரேசன். நான் உள்ளேதான் இருக்கேன்.’

அவள் கை விசைகளின் மேலேயே நின்றது. பூக்கடைக்காரி கீழே யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, இன்னிக்கும் வண்டா?” என்றார் கதிரேசன், டீயை வைத்தபடி.

“ஆமா அண்ணே. வண்டுதான்.”

அன்று அவள் நேரத்துக்கு உள்ளே போனாள். “இப்படியே போனா பிரச்சனையே இல்ல ஜுவேரியா,” என்றார் ஜெயஸ்ரீ. அந்தச் சந்தோஷத்தில், மற்றவர்கள் போன பிறகும் ஒரு பதிவை முடித்துவிட உட்கார்ந்தாள். மணி ஆறே கால்.

குரல் பாதிச் சொல்லில் அறுந்தது.

ஃபேன் மெல்ல மெல்லச் சுற்றி ஓய்ந்தது. விசைகளைத் தட்டினாள். பதில் இல்லை. தூரத்தில் சாவி திரும்பியது.

“அண்ணே?”

இறங்கிப் போகும் காலடிகள். வீதியில் நாதஸ்வரமும் தவிலும் சாமியோடு போய்க்கொண்டிருந்தன. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

கதவை நோக்கிச் சுவரைத் தடவி நடந்தாள். அப்போது அவள் நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

புஸ்.

ஆஸ்துமாவுக்கு வாயில் அடித்துக்கொள்ளும் இன்ஹேலரை, மருந்து தீர்ந்த பிறகும் அமுக்கும் சத்தம்.

புஸ். புஸ்.

பிறகு யாரோ இழுக்க இழுக்க வராத மூச்சு.

கதவு திறந்தபோது ஜுவேரியா தரையில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் கதிரேசன். “கீழ உன் செருப்பைப் பாத்தேன். அதான் ஓடியாந்தேன். ஹம்சாம்மா செருப்பை உள்ள வெச்சுக்கும்…”

அவர் கதவோரம் உட்கார்ந்துவிட்டார்.

“லைட் எரியலேன்னு, ஆள் இல்லேன்னு அவங்களையும் வெச்சுப் பூட்டிட்டீங்க,” என்றாள் ஜுவேரியா.

“அவங்களுக்கு லைட் எதுக்கு. இருட்டுலயே வேலை பாப்பாங்க. தெரியும், எனக்குத் தெரியும். அன்னிக்கு உள்ள பாக்க மறந்துட்டேன். அவங்க போன் கதவுக்கு வெளிய டேபிள்ல சார்ஜ்ல கெடந்துச்சு. மெயினை ஆஃப் பண்ணவும் கம்ப்யூட்டரும் போயிருக்கும். இதே மாதிரி மேளம். காலைல தொறந்தா…” மூக்கை உறிஞ்சினார். “நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனேன். வேலை பாக்கும்போது மூச்சடைச்சு வுழுந்தாங்கன்னு சொல்லிட்டேன். பொண்ணு கல்யாணம் கீதும்மா. நீ யார்கிட்டயும் சொல்லிடாத.”

அவளுக்கும் இந்த வேலை வேண்டும். வாசலில் பேசும் குரல் இனி அவளைத் தடுக்காது. அது அவளிடம் எதுவும் கேட்கவும் இல்லை.

“நான் சொல்ல மாட்டேன் அண்ணே. மெயினைப் போடுங்க. கம்ப்யூட்டரை ஒழுங்கா மூடணும்.”

உள்ளே போய், செட்டிங்கில் வேகத்தை மிகக் கீழே இறக்கினாள். அச்யுத் சொன்ன அந்தப் பட்டனைத் தேடி அமுக்கினாள். பிறகு திரைக்கு நெருங்கி, உதடு மட்டும் அசைய, “அக்கா, அவருக்கும் புரியற மாதிரி சொல்லுங்க,” என்றாள்.

காலையில் ஜெயஸ்ரீ சீக்கிரமே வந்திருந்தார். அச்யுத் வேறொரு கம்ப்யூட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். கதவு அகலத் திறந்திருந்தது. கதிரேசன் மெயினைப் போட்டுவிட்டு டீ டம்ளரோடு வந்தார்.

ஃபேன் முனகியது. வண்டு வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல, வந்தது.

‘கடவுச்சொல் பெட்டி. காலியாக உள்ளது.’

“பரவால்லியே, சரியாயிடுச்சு,” என்றான் அச்யுத்.

‘கதிரேசன். நான் உள்ளேதான் இருக்கேன்.’

டம்ளர் விழுந்து உருண்டது. யாரும் குனியவில்லை.

‘மூச்சு விட முடியலை. கதவைத் திறங்கோ.’