எடுத்துக் கொடுத்த குரல்

அந்த வரி நாடகத்தில் இல்லை. இருந்தும் சகாயராணி அதைச் சொல்லி முடித்திருந்தாள்.

"என் பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது. நான் இங்கே ஆடிக்கொண்டிருக்கிறேன்."

மாட்டுங்கா ஹாலில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. அவள் பாண்டுப்பிலிருந்து ரயிலில் நசுங்கிப் போய், பகலெல்லாம் ஆபீஸில் டைப் அடித்து, சாயங்காலம் மகளையும் இழுத்துக்கொண்டு வந்து, செத்துப்போன பெரிய நடிகை செண்பகவல்லியின் வாழ்க்கையை ஒற்றை ஆளாய் நின்று நடிக்க வேண்டும். பாடம் எங்கே மனதில் ஏறும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

"மனப்பாடமெல்லாம் வேண்டாம்மா. விங்கிலேருந்து நான் எடுத்துக் கொடுக்கறேன், நீங்க வாயைத் திறந்தாப் போதும்" என்று ப்ராம்ப்டர் சந்திரமௌலி சொன்னது பெரிய புண்ணியம். ஒத்திகையிலேயே அது பழகிப்போனது. காதில் விழுந்தது வாயில் வந்துவிடும். நடுவில் அவள் தேவையில்லை.

மேடையோரத் திரைமறைவான அதே விங்கில், டிரங்குப் பெட்டிமேல் மகள் சேசம்மாள் தூங்கினாள். "ஏளா, அசையாமப் படு. அம்மா இன்னா வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மேடையேறியிருந்தாள்.

நாடகத்தில் செண்பகவல்லிக்குப் பிள்ளையே கிடையாது. ஒன்று இருந்ததாக ஊர் பேசியதை, நாடகம் எழுதியவர் நாசூக்காக விட்டிருந்தார். மௌலி சார் கடைசி நேரத்தில் எதையோ சேர்த்துவிட்டார் போல. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அவர் குரல் கம்மியிருந்தது, இருமலாக இருக்கும். விங்கிலிருந்து அரிதாரமும் கிராம்பும் கலந்த ஒரு பழைய வாசனை வந்துகொண்டே இருந்தது.

"திரை விழுவதற்குள் அது போய்விட்டது" என்றது குரல்.

சொன்னாள்.

அப்போது ஹாலின் கடைசிக் கதவு திறந்தது. வெளியே போய் இருமித் தீர்த்துவிட்டு, தண்ணீர் குடித்த வாயைத் துடைத்தபடி, நாடகப் பிரதியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சந்திரமௌலி உள்ளே வந்தார்.

விங்கில் யார்?

வாயை மூடப் பார்த்தாள். முடியவில்லை.

"வா மகளே."

"வா மகளே" என்றாள்.

சேசம்மாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

அடுத்த வரி வந்தது. மெதுவாக. பிசகில்லாமல். வேண்டாம். மாதாவே, வேண்டாம். பல்லைக் கடித்தாள். நாக்கு கேட்கவில்லை.

"எனக்குப் பிள்ளை கிடையாது. நீயே வைத்துக்கொள்."

ஹால் எழுந்து நின்று கை தட்டியது. விங்கின் இருட்டிலிருந்து, முழங்கை வரை அரிதாரம் பூசிய கையொன்று நீண்டு, பிள்ளையின் விரலைப் பிடித்தது. சேசம்மாள் அண்ணாந்து பார்த்தாள். சிரித்தாள்.

"அம்மா" என்றாள், அதனிடம்.