முதலை வாயும் தர்பூசணியும்

சென்ற வருடம் சைக்கிளிலிருந்து விழுந்தபோது, என் முழங்காலை ஒரு முதலை வாய்க்குள் வைத்துப் படம் எடுத்தார்கள். உண்மையில் அது எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மாட்டுகிற கெட்டியான பிளாஸ்டிக் கூடு. உள்ளே செம்புச் சுருள் இருக்கும். நான் அழவே இல்லை. வேண்டுமானால் சித்தியைக் கேட்டுப் பாருங்கள். இல்லை, வேண்டாம், கேட்காதீர்கள்.

அந்தச் சுருள்களைச் செய்வதுதான் சித்தியின் வேலை. குட்டிக் குழந்தைகள் பயப்படாமல் இருக்க, துணியில் மெல்லிய செம்பு இழையைத் தைத்து, போர்வை மாதிரி ஒரு சுருள் செய்திருந்தார். இந்த லீவில் ஒரு நாள் சாயங்காலம் அதைப் பார்க்க ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் வருவதாக இருந்தது. படம் தெளிவாக வராவிட்டால் போர்வை அலமாரிக்குப் போய்விடும். குழந்தைகளுக்கு மறுபடியும் முதலைதான்.

சோதனைக்கு ஒரு தர்பூசணி. "படம் எடுத்து முடிச்சதும் உனக்குத்தான்" என்று சித்தி சொல்லியிருந்தார். லீவு நாளில் நான் ஏன் சித்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று இப்போது புரிந்திருக்குமே!

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் சித்தி கையை நீட்டினார். "கிளிப்பைக் கழட்டுடி. உள்ள இருக்குற காந்தம் புடுங்கிக்கும்."

கழற்றினேன். முடி மொத்தமும் முகத்தில் வந்து விழுந்தது.

தர்பூசணியைப் போர்வையால் சுற்றிப் படுக்க வைத்துவிட்டு, வெளியே வந்து திரையைப் பார்த்தோம். மணலை அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தது படம். விதை எது, புள்ளி எது என்றே தெரியவில்லை.

"என்ன சித்தி இது?"

"உள்ள இருந்து வர்ற சேதி ரகசியம் மாதிரி ரொம்ப சன்னமா இருக்கும். சுருள்தான் அதைக் கேக்குற காது. இழை மெலிசா இருந்தா காதே இரையும். அப்புறம் ரகசியம் எங்க கேக்கும்?"

"அப்ப தடியா போடுங்க."

"போட்டேனே! மடக்கினா ஒடியுது. ஒண்ணு கேக்குது, வளைய மாட்டேங்குது. இன்னொண்ணு வளையுது, கேக்க மாட்டேங்குது. ரெண்டும் செய்யாதது நீ ஒருத்திதான்."

சொல்லிவிட்டுச் சித்தி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கண்ணை மறைத்த முடியைப் பின்ன ஆரம்பித்தேன்.

பாதியில் கை நின்றது. ஒற்றை முடி எவ்வளவு மெலிசு! பின்னலோ கயிறு போலத் தடிமன். ஆனாலும் வளைகிறது.

"சித்தி, இழையை எல்லாம் சேர்த்துப் பின்னிட்டா?"

சித்தி என் பின்னலைப் பிடித்து வளைத்தார், முறுக்கினார், இழுத்தார்.

"ஆ!"

"தாங்குது" என்று துள்ளி எழுந்தார்.

மேசைக் காலில் செம்பு இழைகளைக் கட்டி நான் பின்னினேன். சித்தி பழையதைப் பிரித்துவிட்டுப் புதியதைத் தைத்தார். என் பின்னல் கொஞ்சம் கோணல்தான். "உன் தலைக்கு இது பரவாயில்ல" என்றார்.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். மறுபடியும் தர்பூசணியைப் படுக்க வைத்தோம். திரையில் ஒவ்வொரு விதையும் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் மட்டும் கறுப்பாக ஒரு குழி.

"அது என்னம்மா?"

சித்தி குனிந்து பார்த்தார். "பழம் உள்ள அழுகியிருக்கு சார். காலையில எடுத்த படத்துல இது தெரியவே இல்ல."

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப உங்க போர்வைக்குக் காது நல்லாவே கேக்குது! இன்னும் நாலஞ்சு பழத்துல சோதிச்சுப் பாருங்க. அப்புறம் குட்டிப் பசங்களுக்குச் சுத்தலாமான்னு பாப்போம்."

அவர் போனதும் சித்தி என்னைக் கட்டிக்கொண்டார். "என்னடி, கண்ணு கலங்குது? சந்தோஷமா?"

"பழம் போச்சே, அதான்" என்றேன்.

பாதிப் பொய். ஆனால் இன்னும் நாலைந்து பழம் வரப்போகிறது. அதில் ஒன்றாவது நல்லதாக இருக்காதா?