வலப்பக்கக் கிழிசல்

அந்தி மயங்கி, முழுநிலவு எழுந்து, பேரியாற்றின் நீர்ப்பரப்பெங்கும் வெள்ளியை உருக்கி வார்த்துக் கொண்டிருந்தது. அன்பார்ந்த வாசகர்களே, அந்த அழகில் மயங்கி நின்றுவிடாதீர்கள்! இக்கரையில் பாளையம் இறங்கியிருப்பவன் கோடனரையன். நெஞ்சில் ஈரமே இல்லாத பாவி. நிலவு உச்சிக்கு வந்ததும் அவனுடைய படகுகள் ஊருக்குப் பின்னாலுள்ள உப்பங்கழி வழியாக அக்கரையிலுள்ள கொடுங்கோளூருக்குள் புகுந்து, யூதத் தெருவைக் கொளுத்தப் போகின்றன. தலைமுறை தலைமுறையாக யூதர்கள் வாழ்ந்து, குடையும் பல்லக்கும் சேர மன்னர் கையால் பெற்ற தெரு அது!

இந்தச் சதியை அறிந்த ஒற்றர் இருவர் துடுப்புக்காரர்களாக அதே பாளையத்தில் இருந்தார்கள். ஒருவன் சேர வீரன் உதியன். மருதன் என்ற பெயரில் ஆண்வேடம் பூண்டிருந்த மற்றவள் சிப்போரா, யூதர் தலைவர் நெகேமியாவின் ஒரே மகள். இருவருக்கும் இடையே காதல் இருந்தது. அதை ஏற்கத்தான் இரு வீட்டாருக்கும் மனம் வரவில்லை.

யூதர் தலைவரின் பிள்ளை பாளையத்தில் ஒளிந்திருப்பதாகக் கோடனரையனுக்குத் துப்புக் கிடைத்திருந்தது. துடுப்புக்காரர்களை வரிசையாக நிறுத்திவிட்டு, அவன் தன் மெய்க்காவலன் காதில் கிசுகிசுத்தான்: "முகத்தைப் பாராதே, கையைப் பார். பெற்றவர் இறந்தால் யூதர்கள் அக்கணமே இடப்பக்கம், நெஞ்சுக்கு நேரே சட்டையைக் கிழிப்பார்கள். கட்டிய துணைக்கென்றால் வலப்பக்கம்."

பிறகு ஒரு கூடையைக் கவிழ்த்தான். காலையில் சிறைப்பட்ட நெகேமியாவின் தலை மணலில் உருண்டது.

ஐயோ, அந்தப் பெண் என்ன செய்வாள்! கண்ணீரை விழுங்கிவிட்டாள்; ஆனால் பிறந்தது முதல் கண்டு பழகிய வழக்கமாயிற்றே, விரல்கள் தாமாகவே கழுத்துப்பட்டையைப் பற்றின. அதைக் கண்டுவிட்டான் உதியன். அவள் தாய் இறந்த அன்று வாசலில் நின்று பார்த்தவன் அல்லவா? சட்டென்று முன்னால் பாய்ந்து, தன் சட்டையை இடப்பக்கம் நெஞ்சு தெரியக் கிழித்தான்.

"அப்பா!" என்று அலறினான்.

"அகப்பட்டாயா!" என்று சிரித்தான் கோடனரையன். வாள் ஒருமுறைதான் இறங்கியது.

"அடேய் மருதா, இந்தத் தகப்பனையும் மகனையும் நடு ஆற்றில் தள்ளிவிட்டு வா!"

"உத்தரவு, பிரபு" என்றாள். குரல் நடுங்கவில்லை. எப்படி நடுங்காமல் இருந்தது என்று எனக்கே விளங்கவில்லை.

படகு நடு ஆற்றை அடைந்தது. அவள் யாரையும் தள்ளவில்லை. துடுப்பைப் படகுக்குள் கிடத்திவிட்டு, தந்தைக்காகச் சட்டையை இடப்பக்கம் கிழித்தாள். பின்பு உதியனின் தலையை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, "ஊரார் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், சுவாமி! இனி நான் இன்னொருவன் மனைவியாக மாட்டேன், இது சத்தியம்" என்று சொல்லி, வலப்பக்கத்தையும் கிழித்தாள்.

நிலவு இன்னும் உச்சிக்கு வரவில்லை. சிப்போரா துடுப்பை எடுத்து அக்கரையை நோக்கி வலித்தாள்.