பதினான்காம் பெட்டி

ஸ்வரூபா நானக்ராம்கூடா அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. வெளியே வெயிலில் கண் கூசியது. வாசல் காவலர் யாதகிரி பதிவேட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மேடம், உள்ள ஏசி சத்தத்துக்கு நடுவுல வேற ஒரு சத்தம் வருது. நான் இப்பல்லாம் அந்தப் பக்கம் போறதில்ல."

"என்ன சத்தம்?"

"யாரோ பல்லக் கடிக்கிற மாதிரி."

அதைக் கேட்டுப் பயப்படும் நிலையில் அவள் இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தாள். மேலாளர் சேஷகிரி அறைக்குக் கூப்பிட்டு, டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்ன வார்த்தைகள்தான் காரணம்.

"கொண்டலோட பழைய மெஷின் நாலு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. திங்கக்கிழமை விசாரணைக் குழு வருது. அதுக்குள்ள அழிச்சிடு. அவன் எழுதின லெட்டரெல்லாம் அதுலதான் கெடக்கு. செத்தவன் குப்பைய எதுக்கு நாம சுமக்கணும்?"

அந்த நிறுவனம் ஆறுகளிலும் ஓடைகளிலும் நீர்மட்டம் காட்டும் கருவிகளின் அளவுகளைச் சேர்த்து வைத்தது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்து குவியும் அளவுகள். நாற்பது எந்திரங்கள் ஒன்றாகக் கைகோத்து அவற்றைத் தாங்கின. அந்த நாற்பதும் நிஜ இரும்பு அல்ல. ஒரே இரும்புப் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு மெய்நிகர் எந்திரங்கள், ஒவ்வொன்றும் தான் தனி என்று நினைத்துக்கொண்டு வாழும். ஒரு எந்திரம் செத்தாலும் மற்றவை காப்பாற்றட்டும் என்று ஒவ்வொரு அளவும் மூன்று எந்திரங்களில் எழுதப்படும்.

இதைக் கட்டியவன் கொண்டல். பெட்டிகளைக் குறைக்கிறேன் என்று சேஷகிரி எல்லாவற்றையும் நெருக்கி அடைத்ததில், சிந்தலவாகு ஓடை அளவுகளின் மூன்று பிரதிகளும் பதினான்காம் பெட்டிக்குள்ளேயே போய் விழுந்தன.

"மூணு பேரும் ஒரே வண்டியில போறாங்க சார். வண்டி கவுந்தா ஒருத்தன் மிஞ்ச மாட்டான்" என்று கொண்டல் கத்தினான். கடிதம் மேல் கடிதமாக எழுதினான்.

"உனக்கு எப்பவும் சாவுப் பேச்சுதான்" என்று சிரித்தார் சேஷகிரி.

ஆகஸ்டில் அந்தப் பெட்டி எரிந்தது. மூன்று பிரதிகளும் போயின. எச்சரிக்கை போகவில்லை. ஓடைக்கரையில் இருந்த கொத்தபாடு கிராமத்தில் பதினேழு பேரை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. அழிந்ததை மீட்கிறேன் என்று முப்பது மணி நேரம் ஏசி கூடத்தின் குளிரில் நின்ற கொண்டல், கடைசியில் அதே பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

தவறு கொண்டலுடையது என்று நிறுவனம் அறிக்கை எழுதியது. கீழே இரண்டு கையெழுத்துகள். ஒன்று சேஷகிரியுடையது. மற்றது ஸ்வரூபாவுடையது.

"செத்தவனுக்கு வேலை போகாதும்மா. உனக்குப் போகும்" என்று சொல்லித்தான் அவர் பேனாவை நீட்டினார். அவள் வாங்கினாள். அந்த நிமிடத்திலிருந்து அவரையும் தன்னையும் சம அளவு வெறுத்தாள்.

கதவு அவளுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. ஜன்னல் இல்லாத கூடம். வரிசை வரிசையாகக் கறுப்புப் பெட்டிகள், பச்சைப் பொட்டுகள், இடைவிடாத காற்றின் இரைச்சல். வடிகட்டிய காற்று என்பதால் அங்கே எந்த வாசனையும் இருந்ததில்லை.

இன்று சேற்று வாசனை அடித்தது. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டுக்குள் தங்குமே, அந்த அழுகிய சேறு.

அவள் திரை முன் உட்கார்ந்து முதல் எந்திரத்தை அழித்தாள். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

பட்டியல் காலியானது.

பிறகு ஒரு வரி முளைத்தது.

எந்திரங்களுக்கு ஆறுகளின் பெயர்தான் வைப்பார்கள். இதன் பெயர் ராஜவ்வா.

அவள் அழித்தாள். இரண்டாக முளைத்தது. ராஜவ்வா, கொமுரய்யா. மறுபடி அழித்தாள். போசய்யா. சின்ன லச்சவ்வா. வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. செய்தித்தாளில் அவள் திரும்பத் திரும்பப் படித்த பெயர்கள் அவை.

பதினேழும் ஓடிக்கொண்டிருந்தன; ஒவ்வொன்றுக்குள்ளும் அவள் சற்றுமுன் அழித்த கொண்டலின் கடிதங்கள் அப்படியே இருந்தன.

எந்தப் பெட்டியில் என்று கேட்டாள். பதினான்கு என்றது திரை.

அது எரிந்த பெட்டி. மின்கம்பியையே பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது வரிசையின் கோடியில், கருகிய அதன் முகப்பில், பச்சைப் பொட்டு எரிந்தது. அந்தப் பக்கமிருந்துதான் சத்தம் வந்தது. நறநறவென்று. கோபத்தை அடக்கத் தெரியாத மனிதன் கடிக்கும் பல்.

திரையில் எழுத்துகள் மெதுவாக வந்தன.

கையெழுத்து யாருது?

கொண்டல் தன்மேலும் கோபமாக இருப்பான் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவனுக்காகத்தான் தான் கொதிப்பதாக நினைத்திருந்தாள்.

"என்னுதுதான் அண்ணா" என்று கிசுகிசுத்தாள். "நான்தான் போட்டேன்."

பல் கடிப்பது நின்றது.

கதவு திறந்தது. சேஷகிரி.

"ஒரு மணி நேரமா என்ன பண்றே? முடிஞ்சுதா, இல்லையா?"

"முடியாது சார்."

"என்னது?"

"அழிக்க மாட்டேன். நாளைக்கு அந்த லெட்டரெல்லாம் நானே குழுகிட்ட எடுத்துக் குடுக்கப் போறேன். என் கையெழுத்து பொய்ன்னும் சொல்லப் போறேன்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பதினேழு பேர் சார். உங்களுக்கு ஒருத்தர் பேராவது தெரியுமா?"

"பொம்பளன்னு பாக்கறேன். எந்திரி." அவள் தோளைப் பிடித்து விலக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். "பதினாலா? எந்த மடையன் இதுக்குக் கரண்டு குடுத்தான்?"

விறுவிறுவென்று நடந்துபோய்ப் பெட்டியின் பின்புறம் கையை விட்டுத் துழாவினார்.

கம்பி இல்லை.

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

"ஸ்வரூபா" என்றார். குழந்தையின் குரல் போல இருந்தது. "யாரோ பிடிச்சிருக்காங்க."

அவர் காது பெட்டியோடு ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து யாரோ பேசுவதைக் கேட்பவர் முகம் அது. ஒவ்வொரு பேச்சுக்கும் தலையாட்டினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பதினேழு முறை தலையாட்டினார். பிறகு இன்னும் ஒரு முறை.

கை விடுபட்டபோது ஐந்து விரல்களும் நீரில் நாள்கணக்காய் ஊறியவைபோல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

உள்ளே என்ன கேட்டது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் விசாரணைக் குழு கேட்ட எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். ஸ்வரூபா கடிதங்களைக் கொடுத்தாள். தன் பொய்யையும் சொன்னாள். அவர் வேலை போயிற்று. அவளை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கொண்டலின் பெயர் அறிக்கையிலிருந்து நீங்கியது. பதினான்காம் பெட்டியை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

நீர்மட்ட வேலையை அரசு தன் கைக்கே எடுத்துக்கொண்டு அவளைத் திரும்ப அழைத்தது. சிந்தலவாகுவின் மூன்று பிரதிகளையும் மூன்று வேறு பெட்டிகளில், மூன்று வேறு கட்டடங்களில் அவளே வைத்தாள்.

ஜூலையில் ஒரு மதியம், மழை பிடித்த நேரம், கொத்தபாடு ஊர்த்தலைவியான சர்பஞ்ச் நர்சவ்வாவிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது.

"மேடம், எல்லாரும் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறிட்டோம். உங்க ஆள்கிட்ட கொஞ்சம் சொல்லுங்க, இனிமே திட்ட வேண்டாம்னு."

ஸ்வரூபா திரையைப் பார்த்தாள். ஓடையின் கோடு தரையோடு கிடந்தது. எச்சரிக்கை எதுவும் போயிருக்கவில்லை.

"எந்த ஆள், அக்கா?"

"பேர் சொல்லல. வீடு வீடா போன் பண்ணி, பல்லக் கடிச்சுக்கிட்டே அப்படி ஒரு திட்டு. ஏறுங்க, ஏறுங்கன்னு. எங்க வாத்தியாரோட போன்ல அவரு இன்னும் லைன்லதான் இருக்காரு. கடைசி ஆள் ஏறுற வரைக்கும் வைக்க மாட்டேங்கிறாரு."

திரையில் கோடு மெல்லத் தலை தூக்கியது. பிறகு செங்குத்தாக எழுந்தது.

"மேடம்? அவர்கிட்ட குடுக்கட்டுமா?"