எட்டாவது லேனுக்கு அப்பால்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பெங்களூரில் ஒரு மைதானம் கைமாறிய கதை சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓடியது ஒருத்தி. கேட்டதோ பல கால்களின் சத்தம்.

காலை ஆறு மணிப் பனியில், ஈர ரப்பர் வாசனைக்கும் தோண்டிப்போட்ட மண்ணின் வாசனைக்கும் நடுவே ஸ்டாப்வாட்சோடு நின்ற பெர்னதெத், மகள் சுனிதாவின் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ சத்தத்துக்குள் இன்னொரு சத்தமும் அதற்குள் வேறொன்றும் கலந்து வருவதைக் கேட்டாள். எதிரொலி என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த ஓட்டப்பந்தய மைதானத்தை ஒரு கால்பந்து கிளப் தன் சொந்த ஸ்டேடியமாக மாற்றிக்கொண்டிருந்தது. எட்டாவது லேனை ஒட்டிப் புது கேலரிக்காகப் பள்ளம். பள்ளம் நிறைய நட்டுக்குத்தான கம்பிகள்.

“மேடம், சாயந்திரம் ட்ராக்கைப் பேத்துடுவாங்க. யாரையும் விடாதேன்னு ஆர்டர்,” என்றார் காவலாளி கோவிந்தப்பா.

“ஞாயித்துக்கிழமை இவளுக்கு ஸ்டேட் செலக்‌ஷன். லிங்கராஜபுரம் ரோட்டுல பஸ்ஸுக்கு நடுவுலயா ஓடச் சொல்றீங்க? ஆர்டர் போட்டவரையே வந்து என்னைத் தூக்கச் சொல்லுங்கண்ணா.”

“உங்களைத் தூக்க ஜேசிபிதான் வரணும்,” என்று சிரித்தபடி அவர் கேட்டுக்குப் போய்விட்டார்.

“ட்ராக்!”

பனிக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல். பின்னால் வேகமாக வருகிறவர் அப்படிக் கத்தினால், திரும்பிப் பார்க்காமல் வெளிப்பக்கம் ஒரு லேன் ஒதுங்கி வழிவிட வேண்டும். மகளுக்கு அதைப் பழக்கியதே பெர்னதெத்தான். சுனிதா முதல் லேனிலிருந்து இரண்டாவதுக்கு ஒதுங்கினாள்.

அவள் பின்னால் யாருமே இல்லை.

“ட்ராக்!” மூன்றாவது லேன்.

“ட்ராக்!” இப்போது பெண்குரல். நான்கு. ஐந்து. ஆறு. ஏழு.

அடுத்தது எட்டு. அதற்கப்பால் கம்பிகள்.

“ஒதுங்காதடி! வழி விடாத!”

செருப்பை உதறிவிட்டுப் புல்வெளியின் குறுக்கே ஓடினாள் பெர்னதெத். ஒரு காலத்தில் நானூறு மீட்டரில் ஜெயித்த கால்கள். பள்ளத்தின் விளிம்பில் மகளின் பனியனைப் பற்றி இழுத்தாள். திரும்பினாள்.

வெறும் பனி. ஓட்டக்காரர்கள் காலில் தேய்க்கும் தைல வாசனை. முகத்தில் சூடாக மூச்சு. பல மூச்சு.

“ட்ராக்!” ஒரே சமயத்தில் ஏழெட்டுத் தொண்டைகள்.

“மாட்டேன்,” என்றாள். “நீங்க ஓடின ட்ராக்கைப் பேக்கறது நாங்க இல்ல. இவளும் ஓடணும்.”

சிவந்த தூசியில், அவள் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால், விரல் தடங்கள் பதிந்தன. ஒவ்வொன்றாக. வரிசையாக. விசிலுக்குக் காத்துக் குனிந்தவர்கள் ஊன்றுவதுபோல.

பெர்னதெத் மகளை மறைத்துக் குனிந்தாள். அவற்றுக்கு எதிரே, நகத்துக்கு நகம், தன் விரல்களை ஊன்றினாள்.

தடங்கள் விலகவில்லை. இன்னும் ஆழமாக அழுந்தின.

உங்கள் வீட்டிலிருந்து வெளியே போன கால்களெல்லாம் பொழுதோடு திரும்பட்டும், கண்ணுகளா. குடும்பம் குளிர இருங்கள்.