மூடி போட்டு எடுத்த படம்

கள்ளக்குறிச்சியில் தெருவிளக்கு வெளிச்சம் ஜாஸ்தி என்று, வடக்கனந்தலில் மொட்டைமாடி வைத்த பழைய வீடாகப் பார்த்து வாடகைக்கு வந்தோம். சாமான் இறக்கிய அன்றைக்கே என் கணவர் சின்னப்பன் கேமரா மாட்டிய புது டெலஸ்கோப்பை மாடிக்குத் தூக்கிப் போய்விட்டார். நெபுலா என்கிற வானத்து வாயுமேகத்தைப் படம் பிடிக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் வேலை பார்த்து நின்று நின்று கால் கடுத்த எனக்கு வானத்தைப் பார்க்கத் தெம்பில்லை. தடுக்கவும் இல்லை. ஐப்பசியில் எங்கள் குழந்தை செத்துப் பிறந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் தூக்கம் கிடையாது. சும்மா புரண்டு படுப்பதற்கு இது தேவலை.

குழந்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை. "வேணாம் ரீத்தா, நீ தாங்கமாட்ட" என்று அவர்தான் துணியால் மூடியபடியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார். ஒரே ஒரு தடவை காட்டியிருக்கலாம். அந்த ஆத்திரம் எனக்கு ஆறவே இல்லை.

மார்கழிப் பனி. கல்வராயன் மலைப்பக்கமிருந்து ஈரமண் வாசனையோடு காற்று வந்தது. நெபுலாவை வரிசையாகப் படமெடுத்து முடித்தவர், லென்சுக்கு மூடியைப் போட்டு மறுபடி எடுத்தார்.

"மூடிக்கினு இன்னாத்தங்க எடுக்கறீங்க?"

"இருட்டு எடுக்கறேன். கேமரா தானா போடற புள்ளியெல்லாம் இதுல வுழும். அத படத்துலருந்து கழிச்சிட்டா சுத்தமாயிடும்."

அந்த இருட்டை லேப்டாப்பில் திறந்தார். வெறும் கறுப்பாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு கை வெளுப்பாகத் தெரிந்தது.

விரித்த உள்ளங்கை. ஐந்தும் பிஞ்சு விரல்கள்.

"தூசி" என்றார். அதைப் படத்திலிருந்து கழித்தார். செக்கச்செவேலென்று நெபுலா வந்தது. அதன் நடுவே, அதே கையின் வடிவத்தில் ஒரு ஓட்டை.

மறுநாளும் எடுத்தார். அடுத்த நாளும். மூடியைக் கழற்றினால் நட்சத்திரம்தான். போட்டால் கைக்கு மேலே தோள் வந்தது, கழுத்து வந்தது, பிறகு தாடையின் ஓரம்.

எனக்குப் பயம்தான். ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. இன்னும் ஒரு இருட்டு எடுத்தால் முகம் வந்துவிடும்.

"இன்னொண்ணு எடுங்க."

"போதும் ரீத்தா. நாளைக்கே வித்துடறேன்."

அன்றிரவு விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. மாடிக்குப் போனேன்.

டெலஸ்கோப் குழாயை ஸ்டாண்டிலிருந்து கழற்றி மடியில் வைத்திருந்தார். மூடிப் பக்கத்தைத் தோளில் சாய்த்து மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

தொட்டுப் பார்த்தேன். மாடியெல்லாம் பனியில் சில்லிட்டிருக்க, குழாய் மட்டும் கதகதப்பாக இருந்தது.

"எடுத்தீங்களா? மொகம் வந்துச்சா?"

தலையாட்டினார்.

"எனக்குக் காட்டுங்க."

மூடியில் கை வைத்தேன். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தொறக்காத" என்று கிசுகிசுத்தார். "இப்பதான் கண்ணசந்துச்சு."

குழாய்க்குள் ஒரு விக்கல் கேட்டது.

எப்போதோ வற்றிப்போன என் மார்பு கசிந்து, நைட்டி நனைந்தது.